ஐம்பத்தெட்டாயிரம் பில்லும் காரவள்ளி டீக்கடையும்

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் வரலை. வந்ததும் வராததுமா ஒரு புலம்பல் பதிவு போடறேன்னு கோச்சுக்காதீங்க மக்கா. இது புலம்பல் மட்டும் இல்லை, சண்டை. கார் வெச்சிருக்கறவங்க, வாங்கப் போறவங்க, அடுத்தவங்க கார்ல முன்சீட்டுல உக்கார்ந்து போறவங்க எல்லாருக்கும் சம்பந்தப்பட்ட சண்டை.

முதல்ல ஒரு வாக்குமூலம். என்கிட்ட இருக்கறது பதிமூணு வருஷப் பழைய ஜெர்மன்காரன் வண்டி. எந்தக் கம்பெனின்னு சொல்ல மாட்டேன், வக்கீல் நோட்டீஸ் வாங்கற தெம்பு எனக்கு இல்லை. பொட்டி தட்டுற பயலுக்கு சொகுசு கார் எதுக்குன்னு எங்கப்பா கேட்ட மாதிரியே நீங்களும் கேக்கலாம். புது ஸ்விஃப்ட் வாங்கற காசுக்குக் குறைவா கிடைச்சுது, வாங்கிட்டேன். சின்ன வயசு ஆசை. விடுங்க.

வாங்கின நாள்லேர்ந்தே பிரேக் அடிச்சா "கீச்"னு ஒரு சத்தம். ஊர் மெக்கானிக் கைல கொடுக்க பயம். பிரேக் விஷயம், ரிஸ்க் எடுக்க வேணாம்னு நேரா அந்தக் கம்பெனியோட டீலர் சர்வீஸ் சென்டருக்கே போனேன். ஏசி ஹால், காபி மெஷின், கழுத்துல டை கட்டின சர்வீஸ் அட்வைசர். ரெண்டு நாள் கழிச்சு வண்டி வந்துச்சு, கூடவே பில்லும். 58,340 ரூபாய். முன் சக்கரத்து பேட் ரெண்டு செட்டும் புதுசு, டிஸ்க் ரெண்டும் புதுசு, சென்சார் புதுசு, லேபர், ஜிஎஸ்டி. வலிச்சுது. ஆனா "பிரேக் விஷயம்டா, உயிர் விஷயம்டா"ன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு கார்டைத் தேய்ச்சேன். சத்தமும் போயிடுச்சு.

மூணு வாரம் கழிச்சு ஊருக்குப் போனேன். எனக்கு சேந்தமங்கலம் பக்கம். ஞாயித்துக்கிழமை அப்பா, அம்மா, அக்கா, அக்கா பொண்ணு எல்லாரையும் ஏத்திக்கிட்டு கொல்லிமலை. அரப்பளீஸ்வரர் கோயில், அப்புறம் செம்மேட்டுல சாப்பாடு. போறப்ப ஒரு பிரச்சனையும் இல்லை. கொல்லிமலை போகாதவங்களுக்காக ஒரு வரி: அடிவாரம் காரவள்ளி. அங்கேர்ந்து மேல ஏற 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டிருப்பாங்க. ஏறும்போது அக்கா பொண்ணு ஒண்ணு, ரெண்டுன்னு சத்தமா எண்ணிக்கிட்டே வந்தா. இறங்கும்போது தலைகீழா எண்ணிக்கிட்டு வந்தா.

முப்பத்தஞ்சுக்குக் கீழ வர்றப்ப பிரேக் பெடல் கொஞ்சம் மெத்துன்னு இருக்கற மாதிரி தோணுச்சு. பிரமைன்னு நினைச்சேன். அடுத்த வளைவுல இன்னும் கொஞ்சம் கீழ போச்சு. அதுக்கடுத்த வளைவுக்கு முன்னாடி மிதிச்சா பெடல் பஞ்சு மாதிரி தரை வரைக்கும் போகுது. வண்டி நிக்கலை.

அந்த ரெண்டு மூணு செகண்டை வர்ணிக்கப் போறதில்லை. கியரை மேனுவலுக்குத் தள்ளி ரெண்டு, ஒண்ணுன்னு இறக்கினேன். இன்ஜின் கத்துச்சு, வேகம் குறைஞ்சுது. பெடலை மறுபடி மறுபடி மிதிச்சு, பார்க்கிங் பிரேக்கையும் போட்டு, மலைப்பக்க ஓரமா ஒதுக்கி நிறுத்தினேன். கை நடுங்குது. அப்பா ஒண்ணுமே பேசலை. "இருபத்தெட்டு இன்னும் வரலியே, ஏன் மாமா நிறுத்திட்டீங்க?"ன்னு பின்னாடியிருந்து ஒரு குரல்.

முக்கால் மணி நேரம் அங்கேயே நின்னோம். அப்புறம் பார்த்தா பெடல் திரும்ப கல்லு மாதிரி ஆயிடுச்சு! ஒண்ணுமே நடக்காத மாதிரி. முதல் கியர்லயே ஆமை மாதிரி உருட்டிக்கிட்டு காரவள்ளி வந்து சேர்ந்தோம். டீக்கடையில மலையிலேர்ந்து வாழைத்தார் இறக்குற வேன் டிரைவர் ஒருத்தர் டீ குடிச்சிட்டு நின்னார். எங்க முகத்தைப் பார்த்தே என்ன நடந்துச்சுன்னு அவருக்குப் புரிஞ்சிருக்கும். கிட்ட வந்து சக்கரத்தை மோந்து பார்த்தார்.

"ஏனுங் தம்பி, பிரேக் ஆயில் எப்ப மாத்துனீங்க?"

"இப்பத்தாங்கண்ணா, மூணு வாரம் முன்னாடி ஷோரூம்லயே பிரேக் வேலை எல்லாம் பார்த்தேன்."

"பேடைக் கேக்கலைங்க. ஆயிலுங்க, ஆயிலு."

நான் முழிச்சேன். அவர் சிரிக்கலை. "ஏறுன கியர்லயேதான் இறங்கோணும்ங்க. ஆயிலு பழசுன்னா கொதிச்சிரும். கொதிச்சா மிதிச்சு ஒண்ணும் ஆகாது." ரெண்டே வரி. எந்த டையும் கட்டாம சொல்லிட்டுப் போயிட்டார்.

கார்லயே உக்கார்ந்து பில்லை எடுத்துப் படிச்சேன். கடைசி வரிக்கு முந்தின வரி: "பிரேக் ஃபுளூயிட் டாப் அப்". மாத்தினதுன்னு இல்லை. டாப் அப்.

இப்ப கொஞ்சம் விஞ்ஞானம். இஞ்சினியரிங் படிச்சதுக்கு இதாவது பிரயோஜனப்படட்டும்.

நீங்க பெடல்ல கொடுக்கற அழுத்தத்தை சக்கரத்துக்குக் கொண்டு போறது பிரேக் ஆயில். திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது, அதனாலதான் அழுத்தம் அப்படியே போய்ச் சேருது. ஆனா இந்த ஆயிலுக்கு ஒரு கெட்ட பழக்கம், காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சிக்கும். டாட் 4ங்கற வகை ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 230 டிகிரி செல்சியஸ் வரைக்கும் கொதிக்கக் கூடாதுங்கறது தரக் கணக்கு. அதுலயே 3.7 சதவீதம் தண்ணி சேர்ந்துட்டா அந்தக் கணக்கு 155 டிகிரிக்கு இறங்கிடும். கொதிச்சா ஆவி. ஆவியை அமுக்கலாம். அப்ப நீங்க மிதிக்கற மிதி எல்லாம் அந்த ஆவியைச் சுருக்கவே சரியாப் போயிடும், சக்கரத்துக்கு ஒண்ணும் போகாது. ஆறினதும் ஆவி திரும்ப திரவமாயிடும், பெடலும் நல்ல பிள்ளையா ஆயிடும். மலையில என்கிட்ட நடந்தது இதான்.

சூடு எவ்வளவுன்னு கேக்கறீங்களா? வண்டியும் அஞ்சு பேரும் சேர்ந்து சுமார் 2,000 கிலோ. இறக்கம் 800 மீட்டர்னு குறைச்சே வெச்சுக்கங்க. பெருக்கிப் பார்த்தா ஒன்றரைக் கோடி ஜூலுக்கு மேல வருது. ஐம்பது லிட்டர் தண்ணியைக் கொதிக்க வைக்கிற சூடு. சின்ன கியர்ல இறங்கினா அதுல பெரும்பகுதியை இன்ஜின் வாங்கிக்கும். என்னை மாதிரி 'டி'யில போட்டுட்டு பிரேக்லயே இறங்கினா மொத்தமும் டிஸ்க் தலையிலதான். இது என் தப்பு, பாதித் தப்புன்னே வெச்சுக்கங்க. சமவெளியில ஓட்டிப் பழகினவன். ஒத்துக்கறேன்.

மீதிப் பாதிக்கு வருவோம்.

நாமக்கல்ல ஒரு மெக்கானிக் (லாரி ஊராச்சே, பிரேக்கைப் பத்தி அங்க பால்வாடி பிள்ளைக்கும் தெரியும்) டேங்க் மூடியைத் திறந்து காட்டினார். கடுங்காப்பி கலர். ஈரம் பார்க்கற பேனாவை உள்ள விட்டார், சிவப்பு லைட்டு. கடைசியா எப்ப மாத்தினதுன்னே தெரியாது. இந்த மாதிரி வண்டிகளுக்கு பொதுவா ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாத்தணும்னு கம்பெனிக்காரனே புஸ்தகத்துல போட்டிருக்கான். நாலு சக்கரத்துலயும் பழசை வெளியேத்திட்டு புதுசு ஊத்த அவர் வாங்கினது 1,400 ரூபாய். 58 ஆயிரத்துக்குப் பக்கத்துல வெச்சுப் பாருங்க.

அவர் சொன்ன இன்னொண்ணுதான் எனக்கு நிஜமாவே வயித்தெரிச்சல். தேய்ஞ்ச பேடை எடுத்துட்டு தடியான புது பேட் போடணும்னா பிஸ்டனை உள்ள தள்ளணும். தள்ளினா ஆயில் திரும்ப மேல டேங்குக்கு ஏறும். சில சமயம் வழியும், கொஞ்சம் உறிஞ்சி எடுக்க வேண்டி வரும். மட்டம் ஏறின டேங்க்ல எதை "டாப் அப்" பண்ணினாங்க? ஒண்ணு, அது செய்யாத வேலைக்கு எழுதின வரி. இல்லைன்னா மூடியைத் திறந்து அந்தக் கடுங்காப்பியைக் கண்ணால பார்த்துட்டு, மேல ஒரு சொட்டு விட்டு மூடியிருக்காங்க. எது மோசம்னு நீங்களே சொல்லுங்க.

சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டேன். அட்வைசர் ரொம்ப மரியாதையா பேசினார். அதுல குறையே இல்லை.

"சார், ஜாப் கார்டுல கஸ்டமர் கம்ப்ளெயிண்ட் சத்தம்னுதான் சார் இருக்கு. சத்தம் சரியாயிடுச்சில்ல சார்?"

"ஆயிலைப் பார்க்கலியா?"

"நீங்க மலைக்குப் போவீங்கன்னு சொல்லலியே சார்."

பழைய டிஸ்க் எங்கன்னு கேட்டேன். ஸ்கிராப்புக்குப் போயிடுச்சாம். எத்தனை மில்லிமீட்டர் தேய்ஞ்சிருந்துச்சுன்னு கேட்டேன். "லிமிட்ல இருந்துச்சு சார், அதான் மாத்திட்டோம்." நம்பர்? நம்பர் இல்லை. வண்டியைக் கொண்டு வாங்க, செக் பண்றோம்னார். எதை செக் பண்ணுவீங்க? அந்த ஆயில்தான் நாமக்கல்ல ஒரு டப்பாவுல இருக்கே!

மக்கா, "ஷோரூம்காரன் எல்லாம் திருடன்"னு ஒரு வரியில முடிச்சிட்டு கும்மி அடிக்கலாம். நான் அதைச் சொல்ல வரலை. அந்த அட்வைசர் திருடன் இல்லைன்னுதான் நினைக்கிறேன். பேட் போட்ட பையன் சுத்தமாத்தான் போட்டிருந்தான். விஷயம் இதைவிட மோசம். அந்த ஏசி ஹால்ல, ஒர்க்ஷாப்புல, பில்லிங்ல எத்தனையோ பேர் என் வண்டியைத் தொட்டாங்க. "இந்த வண்டி பிரேக் போட்டா நிக்குமா?"ங்கற கேள்வி அவங்கள்ல ஒருத்தரோட வேலையாவும் இல்லை. நான் "சத்தம்"னு சொன்னேன். அவங்க சத்தத்தை வித்தாங்க. சத்தம் போடாத ஆபத்து ஜாப் கார்டுல ஏறாது. பிரேக் ஆயில் கெட்டுப்போனா சத்தமே போடாது, அதான் அதோட குணமே.

நம்ம தொழில்ல இதை நல்லாவே பார்த்திருக்கோம். டிக்கெட்டை மூடறது வேற, பிரச்சனையைத் தீர்க்கறது வேற. ஆனா என் கோட்ல பக் இருந்தா ஒரு வெப்சைட்டு தொங்கும். இங்க தொங்கினது அஞ்சு பேர்.

இனி ரெண்டு வழக்கமான பின்னூட்டத்துக்கு முன்கூட்டியே பதில்.

ஒண்ணு: "பழைய சொகுசு கார் வாங்கினே இல்ல, அனுபவி." ஐயா, பழசுங்கறது தெரிஞ்சுதானே அவங்க வேலைக்கு எடுத்தாங்க? பதிமூணு வருஷ வண்டின்னா அதிகமா சந்தேகப்படணும், குறைவா இல்லை. விலை உயர்ந்த பார்ட்டுக்கு மட்டும் "பழைய வண்டி சார், மாத்திடலாம்". மலிவான ஆயிலுக்கு "நீங்க கேக்கலியே சார்". இது என்ன நியாயம்?

ரெண்டு: "எதுக்கு டீலர், லோக்கல் மெக்கானிக் கிட்ட போ." போகத்தான் ஆசை. ஆனா போக விடாம வேலி போட்டு வெச்சிருக்கறது யாரு? என் வண்டியில பின் சக்கர பேட் மாத்தணும்னா எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக்கை கம்ப்யூட்டர் வெச்சு விடுவிக்கணும். நாமக்கல் மெக்கானிக்கோட ஸ்கேனர் பாதி மெனுவோட நின்னு போச்சு. பழைய உதாரணம் ஒண்ணு சொல்றேன். மெர்சிடிஸ் 2002ல வந்த இ-கிளாஸ்ல பிரேக்கையே கம்ப்யூட்டர் மூலமா இயக்கற ஒரு அமைப்பு வெச்சான், எஸ்.பி.சி.ன்னு பேரு. மெக்கானிக் அதை முறைப்படி முடக்காம பேட்ல கை வெச்சா, கார் தானே அழுத்தம் கொடுத்து விரலை நசுக்கிடும். போதாக்குறைக்கு எத்தனை தடவை பிரேக் போட்டோம்னு அதுவே எண்ணிக்கிட்டு வந்து, எல்லை தாண்டினா யூனிட்டை மாத்துன்னு எச்சரிக்கும். 2004ல உலகம் முழுக்க 6,80,000 காரைத் திரும்பக் கூப்பிட்டாங்க, 2006ல இ-கிளாஸ்லேர்ந்து அந்த அமைப்பையே தூக்கிட்டாங்க. சொகுசு கார் பிரேக்ங்கறது இப்படி சாஃப்ட்வேரோட பிணைஞ்ச சமாச்சாரம். கருவியும் தகவலும் கையில இல்லாம எந்த மெக்கானிக்கும் ஒண்ணும் பண்ண முடியாது.

அந்தக் கருவியும் பார்ட்டும் வெளி மெக்கானிக்குக் கிடைக்காமப் பண்றது தப்புன்னு நம்ம நாட்டுலயே தீர்ப்பு இருக்கு. ஷம்ஷேர் கட்டாரியா வழக்குல இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்னிக்கு 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல அபராதம் போட்டுச்சு. மாருதி, டாடா, ஹோண்டா, டொயோட்டாவும் அதுல உண்டு, மெர்சிடிஸ், பி.எம்.டபிள்யூ.வும் உண்டு. உதிரி பாகத்தையும் பழுது பார்க்கற கருவியையும் தன் டீலர் வட்டத்துக்குள்ளயே பூட்டி வெச்சு, வெளி மெக்கானிக்கை ஆட்டத்துலயே சேர்க்காம விட்டாங்கங்கறது ஆணையத்தோட முடிவு. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனாங்க. அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலம் 2012லயே இதுக்குத் தனிச் சட்டம் போட்டுது. நம்ம மத்திய அரசு 2022 டிசம்பர்ல "பழுது பார்க்கும் உரிமை"ன்னு ஒரு இணையதளம் திறந்துச்சு. ஆக, வேலியும் நீயே போட்டு, வேலிக்குள்ள வந்தவனுக்கும் ஒழுங்கா பார்க்க மாட்டேன்னா எப்படி? ஏகபோகம் வேணும்னா ஏகப் பொறுப்பும் ஏத்துக்கணும்.

இன்னொரு கொடுமை. லாரிக்கு எட்டு வயசு வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை எஃப்.சி., அதுக்கு மேல வருஷா வருஷம். அதனாலயாவது யாரோ ஒருத்தர் பிரேக்கைப் பார்ப்பார். சொந்த உபயோகக் காருக்கு? புதுசா வாங்கினா 15 வருஷம் வரைக்கும் கேள்வியே கிடையாது. இதே வண்டி அது பொறந்த ஜெர்மனியில ஓடியிருந்தா மூணாவது வருஷம் ஒரு பரிசோதனை, அப்புறம் ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணு, உருளை மேல ஏத்தி பிரேக்கை அளந்து பார்த்துதான் ரோட்டுல விடுவாங்க. இங்க நமக்கும் மலைக்கும் நடுவுல இருக்கற ஒரே காவல் அந்த சர்வீஸ் பில்தான். அந்தப் பில்லுல ஒரு நம்பர் கூட இல்லை, விலையைத் தவிர.

அதனால நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணு. பிரேக் வேலைன்னு காசு வாங்கினா அளந்த எண்ணை எழுதிக் கொடுக்கணும். எண் இல்லாத பிரேக் பில், வெறும் கடலை மடிக்கற காகிதம்.

என்னென்ன எண்? நாலு சக்கரத்துலயும் பேட் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம். டிஸ்க் எத்தனை மில்லிமீட்டர், அதோட குறைந்தபட்ச அளவு எத்தனை (அந்த எண்ணை டிஸ்க்லயே பொறிச்சிருப்பான், யாரும் மறைக்க முடியாது). ஆயில் கடைசியா மாத்தின தேதி, இன்னிக்கு அதுல ஈரம் எவ்வளவு. கழட்டின பழைய பார்ட் டிக்கியில இருக்கணும். இவ்வளவுதான். அளக்கறதுக்கு அரை மணி நேரம் ஆகுமா? 58 ஆயிரத்துல அரை மணி நேரம் எனக்குக் கிடையாதா?

எண் கேட்டா அவங்களுக்குக் கசக்கும். எண் எழுதினா அது சாட்சி. இப்ப என் கதையைப் பாருங்க. நுகர்வோர் நீதிமன்றம் போலாம்னு ஒரு வக்கீல் நண்பன் சொன்னான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல, சேவை கொடுக்கறவர் முக்கியமான தகவலை வேணும்னே மறைச்சாலும் அது சேவைக் குறைபாடுதான்னு தெளிவாவே இருக்கு. ஆனா வேணும்னே மறைச்சாங்கன்னு எதை வெச்சு நிரூபிக்கறது? டிஸ்க் ஸ்கிராப்புல, ஆயில் டப்பாவுல, பில்லுல வெறும் "டாப் அப்". எண் இல்லாததால அவங்களுக்குப் பாதுகாப்பு, எனக்கு மலை. இருந்தாலும் 1915ங்கற தேசிய நுகர்வோர் உதவி எண்ல புகார் பதிஞ்சிருக்கேன். என்ன ஆகுதுன்னு தனிப் பதிவா போடறேன்.

போன வாரம் அக்கா பொண்ணு போன்ல கேட்டா, "மாமா, அன்னிக்கு இருபத்தெட்டோட எண்ணறதை விட்டுட்டேன், மறுபடி எப்ப போறோம்?"னு. சீக்கிரமே போவோம் கண்ணுன்னு சொன்னேன். முதல் கியர்ல, புது ஆயிலோட. வண்டி நின்னாத்தான் அவ ஒண்ணு வரைக்கும் எண்ணி முடிப்பா.

டிஸ்கி 1: உங்க வண்டியில பிரேக் ஆயில் கடைசியா எப்ப மாத்தினீங்கன்னு இப்பவே யோசிங்க. ஞாபகம் வரலைன்னா அதுதான் பதில்.

டிஸ்கி 2: அந்த வேன் டிரைவர் அண்ணனுக்கு நான் வாங்கிக் கொடுத்தது ஒரு டீ. என் வாழ்க்கையிலேயே ரொம்ப மலிவான கன்சல்டிங் ஃபீஸ் :-)